ஆந்தை கேமராவையே பார்க்கும் படம் நல்ல படமா?

கானகன்:
ஆந்தை படம் என்றாலே, கண்ணை அகல விரித்து நேராகக் கேமராவைப் பார்ப்பதற்குத்தான் பாராட்டு குவிகிறது. பகலில் காட்டுக்குள் எடுத்த படம் அப்படி இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். தூங்க வேண்டிய நேரத்தில் முழுக் கண்ணையும் திறந்து நம்மைப் பார்க்கிறது என்றால், நாம் எழுப்பிவிட்டோம் என்றுதான் அர்த்தம். கண் பாதி மூடியிருக்கும் படமே எனக்கு ஒழுங்கான படம்.

தொலைவில்லை:
எல்லா ஆந்தையும் பகலில் தூங்குவதில்லை நண்பரே. பிக்மி ஆந்தை என்ற குட்டி ஆந்தை பகல் வெளிச்சத்திலேயே வேட்டையாடும். அது கண் திறந்திருந்தால் அதுவும் குற்றமா? கெட்ட சகுனம் என்று பல நாடுகளில் ஒதுக்கிவைத்த பறவை ஆந்தை. அதன் முகத்தை நேருக்கு நேர் பார்த்த பிறகுதான் நிறையப் பேருக்கு அதன் மேல் அன்பே வந்தது.

மரப்பொந்து:
கண்ணை மட்டும் வைத்து முடிவு செய்தால் இரண்டு பேருமே ஏமாறுவீர்கள். நீண்ட காது ஆந்தை பயந்தால் கண்ணை விரிக்காது. உடலை ஒடுக்கி, காய்ந்த குச்சி போல நிமிர்ந்து, காதுக் குஞ்சங்களைத் தூக்கி, கண்ணைக் கோடாக்கிக்கொள்ளும். பார்க்கிறவர் தூங்குகிறது என்று நினைத்து இன்னும் இரண்டு அடி முன்னால் போவார். இறகு உப்பித் தளர்ந்திருக்கிறதா, ஒட்டிப்போய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கானகன்:
சரி, உடலையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு அடிதான் என் கவலையே. பகலில் ஆந்தை கிளையை விட்டுப் பறந்தால் காக்கைகளும் சிறு பறவைகளும் கூட்டமாகக் கத்திக்கொண்டு துரத்தும். அதன் ஒளிவிடம் ஊருக்கே தெரிந்துவிடும். அப்புறம் இரவில் ஃபிளாஷ் வேறு. இருட்டுக்குப் பழகிய கண்ணில் அத்தனை வெளிச்சத்தை அடிக்க வேண்டுமா?

தொலைவில்லை:
ஃபிளாஷுக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். பிரிட்டனின் பறவைப் படக் கலைஞர் எரிக் ஹோஸ்கிங் 1937-இல் ஒரு பழுப்பு ஆந்தையின் கூட்டருகே தாக்கப்பட்டு இடது கண்ணையே இழந்தவர். அதற்குப் பிறகும் ஆந்தைகளை விடவில்லை. ஃபிளாஷ் வைத்து அவர் எடுத்த இரவுப் படங்களால்தான், கூகை இரையோடு கூட்டுக்கு வரும் காட்சியை உலகம் தெளிவாகப் பார்த்தது.

மரப்பொந்து:
அவர் காலத்து ஃபிலிமுக்கு வேறு வழி இல்லை. இன்று கேமராவின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 6400 வரை ஏற்றினாலும் படம் நன்றாகவே வருகிறது. அமர்ந்திருக்கும் ஆந்தை சிலை மாதிரி அசையாமல் இருக்கும், முக்காலி இருந்தால் அந்தி வெளிச்சத்தில் 1/30 நொடி ஷட்டர் வேகமே போதும். சத்தமில்லாத ஷட்டரையும் போட்டுக்கொள்ளுங்கள். கூகையின் இரண்டு காதுத் துளைகளும் ஒரே உயரத்தில் இல்லை. எலியின் அசைவை இருட்டில் ஒலியாலேயே இடம் கண்டுபிடிக்கும் பறவைக்கு ஷட்டர் சத்தம் கேட்காமலா போகும்?

தொலைவில்லை:
பறக்கும் ஆந்தைக்கு 1/30 உதவாதே! அதற்கு ஃபிளாஷ் வேண்டும். ஆந்தையின் குரல் பதிவை ஒலிக்கவிட்டு அதை அழைப்பதையும் தப்பென்று சொல்வீர்கள். கணக்கெடுக்கும் ஆய்வாளர்களே அதைத்தானே செய்கிறார்கள்?

கானகன்:
ஆய்வாளர் கொஞ்ச நேரம் ஒலிக்கவிட்டு, பதில் வந்ததும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். படம் எடுக்கிறவர் நல்ல ஃபிரேம் கிடைக்கும் வரை விடமாட்டார். ஆந்தைக்கு அது எல்லைக்குள் நுழைந்த எதிரியின் குரல். வேட்டையை விட்டுவிட்டு விரட்ட வரும், அடைகாக்கும் காலமாக இருந்தாலும் வரும். அழைக்கத் தேவையே இல்லை. மரத்தடியில் வெள்ளை எச்சமும், எலும்பும் மயிரும் கலந்து அது கக்கிய உருண்டைகளும் கிடந்தால், அந்தியில் தூரத்தில் மறைந்து உட்காருங்கள். தானாகவே வெளியே வரும்.

தொலைவில்லை:
காத்திருப்பது எனக்கும் பிடித்ததுதான். ஆனால் கூட்டை விட்டுத் தள்ளி, குஞ்சு வளர்க்காத காலத்தில், ஒரே ஒரு முறை ஒலிக்கவிடுவதை நான் தவறாக நினைக்கவில்லை. ஃபிளாஷிலும் என் கருத்து மாறவில்லை.

மரப்பொந்து:
எப்படி எடுத்தாலும் சரி, படத்தில் இருக்கும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டுப் போடுங்கள். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைப் போடும் இபேர்ட் தளமே எளிதில் தொல்லைக்கு ஆளாகும் சில ஆந்தைகளின் இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது.

தொலைவில்லை:
அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. என் படங்களில் இடம் இருக்காது, இனியும் கேட்காதீர்கள்.