வெரோனா 1984-85: குலுக்கலில் கிடைத்த கிண்ணமா?

செந்தூல் வாசகன்:

வணக்கம். இத்தாலியக் காற்பந்தின் முதல் பிரிவான சீரி ஆ லீக்கில் 1984-85 பருவத்தில் ஹெல்லாஸ் வெரோனா என்ற சிறிய அணி வாகை சூடியது பற்றி ஒரு சந்தேகம். பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது, யுவென்டஸ் ரசிகரான நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார்: அந்த ஒரு பருவத்தில் மட்டும் நடுவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்களாம், அதனால்தான் வெரோனா வென்றதாம். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மரடோனா, பிளாத்தினி, சீக்கோ, சோக்ரட்டீஸ், ரும்மெனிகே என்று உலக நட்சத்திரங்கள் எல்லாரும் ஒரே லீக்கில் ஆடிய ஆண்டு அது. அவர்கள் அத்தனை பேரையும் தாண்டி வெரோனா முதலிடம் பிடித்தது அதிர்ஷ்டத்தாலா, ஆட்டத்தாலா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

செராஸ் ரசிகன்:

குலுக்கல் நடந்தது உண்மைதான். அதை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 30 ஆட்டங்களில் 15 வெற்றி, 13 சமநிலை, 2 தோல்வி. பாதி ஆட்டங்களில்தான் வென்றிருக்கிறார்கள். இன்றைக்கு இப்படி ஆடும் ஓர் அணி கிண்ணத்தை நினைத்தும் பார்க்க முடியாது. அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

பட்டர்வொர்த் பயிற்றுநர்:

தம்பி, இந்தக் குலுக்கல் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பருவம் நடந்தபோது நான் பினாங்கில் பள்ளி மாணவன். ஆங்கில நாளிதழில் ஒரு விரற்கடை அளவுக்கு வரும் வெளிநாட்டு முடிவுகள்தான் கதி. பிறகு சௌராஸ்தா சந்தை மாடியிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் காற்பந்து இதழ்களைத் தேடித் தேடி வாங்கி, அந்த அணியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

1980-இல் சூதாட்ட ஊழலில் மிலானும் லாசியோவும் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டன. இத்தாலியக் காற்பந்தில் எதைப் பார்த்தாலும் சந்தேகம் எழுந்த காலம் அது. நடுவர் தேர்வைக் குலுக்கலுக்கு விட்டதும் அந்தச் சந்தேகத்தால்தான். ஆனால் சீட்டுக் குலுக்கியது 16 அணிகளுக்கும் பொதுவாகத்தானே? அதே குலுக்கல்தான் ஆஸ்கொலிக்கும் கிரெமோனீசேவுக்கும் நடந்தது. அவை இரண்டும் அந்த ஆண்டு கீழே இறங்கிவிட்டன. 'பெரிய அணிகளுக்கு நடுவர் தயவு கிடைக்காமல் போயிற்று' என்று உங்கள் நண்பர் சொல்வாரானால், அவர் மற்ற ஆண்டுகளின் வெற்றிகளைத்தான் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறார். வெரோனாவுக்கு அதனால் ஒரு குறைவும் இல்லை.

அந்த அணி திடீரென்று முளைத்ததும் அல்ல. 1981-இல் ஓஸ்வால்டோ பன்யோலி பயிற்றுநராக வந்தபோது வெரோனா இரண்டாம் பிரிவில் இருந்தது. அடுத்த ஆண்டே மேலே ஏறியது. 1982-83-இல் லீக்கில் நான்காம் இடம், 83-84-இல் ஆறாம் இடம். அந்த இரண்டு பருவங்களிலும் லீக்கிலிருந்து வேறான இத்தாலியக் கிண்ணப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் போய், முதலில் யுவென்டஸிடமும் பிறகு ரோமாவிடமும் தோற்றது. இறுதிவரை வந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய அணியை அதிர்ஷ்டசாலி என்று எப்படிச் சொல்வது?

ஆட்டக்காரர்களைப் பாருங்கள். வலப்பக்கம் ஓடிய ஃபன்னாவும், 11 கோல் போட்ட குள்ளமான கல்டெரீசியும் யுவென்டஸிலிருந்து வந்தவர்கள். அங்கே நிலையான இடம் கிடைக்காதவர்கள், இங்கே அணியின் உயிராக இருந்தார்கள். மத்தியத் திடலில் பந்தைப் பிரித்துக் கொடுத்தவர் டி ஜென்னாரோ, பின்னால் தலைவர் திரிச்செல்லா. கோல் காவலர் என்றால் நமக்கு மலேசிய அணியின் ஆர். ஆறுமுகத்தின் நீண்ட கைகள் நினைவுக்கு வரும். வெரோனாவின் கரெல்லாவோ பாதிப் பந்துகளைக் கால்களாலேயே தடுத்தார். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் பந்து உள்ளே போகாது. 30 ஆட்டங்களில் வெரோனா விட்டது 19 கோல்கள்தான்.

அப்போது ஓர் அணிக்கு இரண்டு வெளிநாட்டவர்தான் அனுமதி. வெரோனா அந்தக் கோடையில் எடுத்த இருவர் ஜெர்மனியின் பிரீகலும் டென்மார்க்கின் எல்கியரும். தற்காப்பு ஆட்டக்காரராகப் பெயர் வாங்கியிருந்த பிரீகலை பன்யோலி மத்தியத் திடலில் நிறுத்தினார். 1984 செப்டம்பர் 16, முதல் நாள். உலகமே மரடோனாவின் முதல் சீரி ஆ ஆட்டத்தைப் பார்க்கக் காத்திருந்தது. பிரீகல் அவரை நிழலாகத் தொடர்ந்தார், கோலும் போட்டார். வெரோனா 3, நாப்போலி 1.

நான் இங்கே அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகளுக்குத் திடலில் பயிற்சி கொடுக்கிறேன். வேறு குழுக்கள் வேண்டாம் என்று அனுப்பிய பையன்கள் சிலரும் வருகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது பன்யோலியின் கதையைத்தான். அதை ஒருவர் சீட்டுக் குலுக்கல் என்று தள்ளிவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது.

செராஸ் நண்பருக்கு: அப்போது வெற்றிக்கு 2 புள்ளி (இப்போதுபோல் 3 அல்ல), சமநிலைக்கு 1. வெளியூரில் தோற்காமல் திரும்புவதே பாதி வெற்றி. எல்லா அணிகளும் அப்படித்தான் கணக்குப் போட்டு ஆடின. வெரோனா 43 புள்ளி, இரண்டாவதாக வந்த தொரீனோ 39. நான்கு புள்ளி இடைவெளி என்பது அந்த முறையில் சிறிய விஷயம் அல்ல.

செராஸ் ரசிகன்:

2 புள்ளி முறையை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஐயா. இருந்தாலும் அதற்குப் பிறகு அந்த அணி ஏன் மறுபடியும் வாகை சூடவே இல்லை?

பட்டர்வொர்த் பயிற்றுநர்:

பணம்தான், தம்பி. வாகை சூடிய அதே கோடையில் ஃபன்னாவும் மரங்கோனும் இன்டருக்குப் போனார்கள். கரெல்லா நாப்போலிக்குப் போய், 1987-இல் மரடோனாவோடு சேர்ந்து மறுபடியும் லீக் கிண்ணம் வென்றார். ஐரோப்பியக் கிண்ணத்தில் இரண்டாம் சுற்றிலேயே யுவென்டஸ் எதிரே வந்தது, வெரோனா வெளியேறியது. 1990-இல் சீரி ஆவிலிருந்தே இறங்கிவிட்டது. கட்டியதைக் காப்பாற்றும் வசதி அந்த நகரத்துக்கு இல்லை. அதற்காக, கட்டியது பொய்யாகிவிடாது.

செந்தூல் வாசகன்:

மிக்க நன்றி, ஐயா. நண்பருக்குக் காட்ட ஓர் ஆட்டம் சொல்லுங்களேன்.

பட்டர்வொர்த் பயிற்றுநர்:

யுவென்டஸ் ரசிகர் என்றால் 1984 அக்டோபர் 14 ஆட்டத்தைக் காட்டத் தோன்றும். எல்கியர் ஒரு காலணி கழன்று விழுந்தபின்பும் நிற்காமல் ஓடி, கோல் அடித்த ஆட்டம் அது, வெரோனா 2-0. ஆனால் என் தேர்வு 1985 பிப்ரவரியில் உடினே நகரில் உடினேசே அணிக்கு எதிராக நடந்தது. வெரோனா 3-0 முன்னிலை பெற்றது, உடினேசே திருப்பி அடித்து 3-3 ஆக்கியது. அதிர்ஷ்டத்தை நம்பிய அணியாக இருந்தால் அங்கேயே உடைந்திருக்கும். எல்கியரும் பிரீகலும் இன்னும் ஒவ்வொன்று போட்டு 5-3 என்று முடித்தார்கள். இணையத்தில் கோல் காட்சிகள் கிடைக்கும். 3-3 ஆன பிறகு அவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்பதை மட்டும் நண்பரைக் கவனிக்கச் சொல்லுங்கள்.