எந்த ‘டி’?

பன்னிரண்டாவது முடித்த கையோடு 2006இல் திண்டுக்கல்லில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரே கம்ப்யூட்டர், அதில் போட்டோஷாப் 7. அண்ணன் அதன் முன்னால், நான் பின்னால் ஸ்டூலில். அவருடைய இடது கை கீபோர்டை விட்டு எழும்பாது. கண் கீபோர்டுக்கு இறங்காது. எதை அமுக்குகிறார், என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்து நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்தேன். தமிழில். அதுதான் வினை.

‘பி – பிரஷ்’ என்று ஒரு வரி. நாலு வரி தள்ளி ‘பி – பென் டூல்’. ‘கண்ட்ரோல் டி – செலக்‌ஷன் போயிடும்’. அடுத்த பக்கத்தில் ‘கண்ட்ரோல் டி – பெருசு சிறுசு பண்ண’. எழுதும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது.

வைகாசி மாதம் ஆல்பம் வேலை குவிந்தபோது பொண்ணு மாப்பிள்ளையைத் தனியாக வெட்டி எடுக்கும் கட்டிங் வேலை என்னிடம் வந்தது. லாஸோ டூலில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனேன். ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவே இருக்கிற இத்துனூண்டு இடைவெளியைக்கூட விடவில்லை. முக்கால் மணி நேரம். கடைசிப் புள்ளியை மூடியதும் எறும்பு ஊர்கிற மாதிரி செலக்‌ஷன் கோடு ஓட ஆரம்பித்தது. உள் ரூமிலிருந்து அண்ணன், “முடிஞ்சுதாடா? கண்ட்ரோல் டி போட்டுச் சின்னது பண்ணிப் பாரு” என்றார்.

என் விரல் போனது நாய்க்கு, அதாவது டாக்குக்கு வருகிற டிக்கு. எறும்பெல்லாம் காணோம்.

பதறிப்போய் கண்ட்ரோல் இசட் அடித்தேன், வந்தது. நம்ப முடியாமல் இன்னொரு தடவை அடித்தேன், போனது. அந்தப் பழைய வெர்ஷனில் கண்ட்ரோல் இசட் ஓர் அடிதான் பின்னால் போகும். மறுபடி அடித்தால் போன அடியைத் திரும்பி வந்துவிடும். இன்னும் பின்னால் போக ஆல்ட்டையும் சேர்த்து அமுக்க வேண்டும் என்பது என் நோட்டில் இல்லை. வந்தது, போனது, வந்தது, போனது. நடுவில் மவுஸ் வேறு எங்கேயோ பட்டு ஒரு கோடு இழுத்துவிட்டது.

அண்ணன் வந்து நின்றார். ஒன்றும் சொல்லாமல் கண்ட்ரோல், ஷிஃப்ட், டாக் டி மூன்றையும் சேர்த்து அமுக்கினார். கடைசியாக விட்டுப்போன செலக்‌ஷன் அப்படியே வந்து உட்கார்ந்தது. நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு டி பக்கத்தில் நாய் வரைந்தார், இன்னொரு டி பக்கத்தில் மேஜை. பிரஷ் பிக்குப் பந்து, பென் பிக்குக் கிளி. கிளி கோழி மாதிரி இருந்தது, ஆனால் அதற்கப்புறம் நான் தப்பவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்களேன்.

*

எனக்கு எதிரி ‘வி’. டிடிபி சென்டரில் போஸ்டர் வேலை பார்த்தேன். வி அமுக்கினால் மூவ் டூல் வரும், சரி. ஆனால் டைப் டூலின் கர்சர் எழுத்துக்குள் நின்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தால் வி ஷார்ட்கட் கிடையாது, வெறும் எழுத்து. பாமினி ஃபாண்டில் சின்ன விக்கு ‘எ’ விழும்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அது. பெரியவர் பெயரை அடித்துவிட்டு, நகர்த்தலாம் என்று வி தட்டியிருக்கிறேன். பெயருக்குப் பின்னால் ஒரு எ ஒட்டிக்கொண்டதைக் கவனிக்கவில்லை. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாயிற்று. அழுது வீங்கிய கண்ணோடு மூத்த மகன் திரும்பி வந்து கேட்டார்: “ஏம்மா, எங்கப்பாவுக்கு இனிஷியல் முன்னாடிதானே வரும்?”

கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இப்போதெல்லாம் எழுத்து அடித்து முடித்ததும் முதலில் கண்ட்ரோல் என்டர். எழுத்திலிருந்து வெளியே வந்த பிறகுதான் வியைத் தொடுவேன்.

*

அக்கா, நான் போட்டோஷாப்பிலிருந்து கிம்ப் என்கிற இலவச சாஃப்ட்வேருக்கு மாறியவன். காசு ஒரு காரணம், லினக்ஸ் இன்னொரு காரணம். செலக்‌ஷனை விடுவிக்க வழக்கம்போல டாக் டி அடித்தேன். போகவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. மேலே பார்த்தால் ஒரே படம் வரிசையாகத் திறந்து நிற்கிறது! கிம்ப்பில் கண்ட்ரோல் டி என்றால் படத்துக்கே நகல் எடுப்பது. செலக்‌ஷனை விட அங்கே கண்ட்ரோல் ஷிஃப்ட் ஏ. மூளைக்குத் தெரிந்து ஒரு வாரம் ஆயிற்று, விரலுக்குத் தெரிய ரெண்டு மாசம்.

*

எனக்குப் புதுப் பாடமானது ஷிஃப்ட். மேஜை டி போட்டுப் படத்தைச் சின்னதாக்கும்போது அளவு கோணாமல் இருக்க ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே இழுப்போம் இல்லையா, பத்து வருஷப் பழக்கம். 2018 அக்டோபரில் வந்த போட்டோஷாப் சிசி 2019இல் அது தலைகீழ். சும்மா இழுத்தாலே அளவு கோணாது, ஷிஃப்டைப் பிடித்தால்தான் கோணும். மாப்பிள்ளைக்குப் பூசணிக்காய் முகம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கண்ட்ரோல் இசட்டும் அந்த வெர்ஷனில்தான் அடிக்க அடிக்கப் பின்னால் போகப் பழகியது. திண்டுக்கல் தம்பி கொஞ்சம் லேட்டாகப் பிறந்திருக்கலாம். இரண்டையும் பழையபடி மாற்றிக்கொள்ள செட்டிங்ஸில் வழி இருக்கிறது, நான் ஷிஃப்டை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

*

அண்ணே, நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கணும். காலையிலிருந்து என் பிரஷ்ஷில் வட்டமே வரவில்லை, சின்னதாக ஒரு கூட்டல் குறி மட்டும் நிற்கிறது. பிராக்கெட் கீயை அமுக்கி சைஸைக் கூட்டியும் பார்த்துவிட்டேன். அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணணுமா?

*

தம்பி, கேப்ஸ் லாக் எரியுதா பாருங்க.

*

எரியுது அண்ணே.