பழவேற்காடு வடபகுதி: பூநாரை, உள்ளான் ஆய்வை எப்படித் தொடங்குவது?

சூலூர்ப்பேட்டை மாணவி:
வணக்கம். எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆறு மாத ஆய்வை ஸ்ரீஹரிகோட்டா சாலையை ஒட்டிய பழவேற்காடு ஏரிப்பகுதியில் செய்யலாம்னு இருக்கேன். "நீர்ப்பறவைகளின் பட்டியலும் எண்ணிக்கையும்" என்பது தலைப்பு. இதை வைத்து பிஎச்.டி. வரைக்கும் போக முடியுமா? என்ன கருவி வேணும், அனுமதி யாரிடம் வாங்கணும்?

நெடுங்கால்:
பட்டியலோடு நின்றால் அதிலிருந்து அடுத்த கேள்வி பிறக்காதும்மா. தலைப்பை மாற்றுங்க: நீர் ஆழம் மாறும்போது எந்தப் பறவை எங்கே மேய்கிறது? வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும், கோடை நெருங்க வடபகுதி வற்றிச் சேறாகும். ஆறு மாதத்துக்குள் இந்த முழு மாற்றமும் உங்க கண்முன்னே நடக்கும். சேற்றில் இரை தேடும் சின்னஞ்சிறு பறவையான கொசு உள்ளானுக்குக் கால் குட்டை, நாலைந்து செ.மீ.க்கு மேல் தண்ணீர் இருந்தால் இரை எடுக்க முடியாது. நீண்ட கால், நீண்ட அலகுள்ள கருவால் மூக்கன் இன்னும் ஆழத்தில் இறங்கும். பூநாரை அதற்கும் அப்பால் நின்று சேற்றைக் கிளறி வடிகட்டித் தின்னும்.

ஆழம் பார்க்க செ.மீ. குறியிட்ட கம்பு போதும். ஆனால் வெறும் கம்பு சேற்றில் புதைந்து ஆழத்தைக் கூட்டிக் காட்டும். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டத் தகடு பொருத்துங்க. உப்புத்தன்மைக்கு ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் கருவி). தினமும் காய்ச்சி வடித்த நீரை வைத்துப் பூஜ்யம் சரிபார்த்த பிறகே அளக்கணும்.

இரை அளக்க 10 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாயை 10 செ.மீ. ஆழம் அழுத்தி எடுத்து, 0.5 மி.மீ. சல்லடையில் அலசுங்க. கிடைத்த உயிரி எண்ணிக்கையை 127ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான கணக்கு. அதே இடத்தில் குறைந்தது மூன்று மாதிரி வேணும், புழுக்கள் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும்.

வரித்தலை வாத்து:
எண்ணிக்கையில்தான் பலர் சறுக்குவது. சாலையில் கிலோமீட்டருக்கு ஒரு நிலையான இடம் குறித்து, மாதம் இருமுறை, விடிந்ததும் தொடங்குங்க. ஒன்பதரை தாண்டினால் கானல் எழும்பி தொலைநோக்கியில் கால்களே தெரியாது. 20 முதல் 60 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் (தாங்கியில் வைக்கும் தொலைநோக்கி) இருந்தாலும் எண்ணும்போது 20, 25 மடங்கு போதும், பெரிதாக்கினால் கூட்டத்தின் ஓரம் தப்பும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: சாலை கிழக்கு மேற்காகப் போகிறது, ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வடக்கே பார்த்தால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால், பறவை பளிச்சென்று தெரியும். தெற்கே பார்த்தால் தண்ணீர் கண்ணைக் கூசும், எண்ணிக்கை குறையும். அதைப் பறவையே குறைவு என்று எழுதிவிடக் கூடாது. எந்தப் பக்கம் எண்ணினீங்க என்று அட்டவணையில் தனிப் பத்தியில் பதிவு பண்ணுங்க.

பெரிய கூட்டத்தில் முதலில் 50 பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பரப்பு எவ்வளவு என்று கண்ணில் பதிய வைத்து, அதை அளவாகக் கொண்டு நகருங்க. இருவர் தனித்தனியே எண்ணணும், பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் மறுபடி. பறவையே இல்லாத இடத்திலும் "0" எழுதியாகணும். வலை, படகு எத்தனை என்பதும் வேணும், ஆழம் சரியாக இருந்தும் பறவை இல்லாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நீர்க்கடம்பு:
அனுமதி: ஏரி இரண்டு மாநிலத்திலும் இருக்கு, இரண்டு பக்கமும் சரணாலயம். நீங்க சொல்லும் பகுதிக்கு ஆந்திர முதன்மை வனவிலங்குக் காப்பாளர், தெற்கே பழவேற்காடு ஊர்ப் பக்கமும் போவதானால் தமிழ்நாட்டுக்குத் தனி விண்ணப்பம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் ஆய்வுக்கு நுழைய அனுமதி கேட்கலாம். வழிகாட்டியின் பரிந்துரைக் கடிதம், வரைபடம், முறை, தேதி எல்லாம் வேணும். மாதக்கணக்கில் இழுக்கும், மழைக்கு முன்பே போடுங்க. பறவையைப் பிடிப்பது, வளையமிடுவது வேறு பிரிவு, முதுகலையில் அதைத் தொடாதீங்க. ஸ்ரீஹரிகோட்டா முனையில் விண்வெளி மையத்தை நோக்கி ஸ்கோப்பையோ கேமராவையோ திருப்ப வேண்டாம். டிரோன் கூடவே கூடாது.

பிஎச்.டி.க்கு: சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தகுதித் தேர்வில் உயிர் அறிவியலில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வழிகாட்டி தேடுவதும் எளிது. கூடவே ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் கற்றுக்கொள்ளுங்க. பூநாரை ஓரிடத்தில் ஆயிரம், அடுத்த இடத்தில் பூஜ்யம் என்று வரும். இப்படிச் சிதறிய எண்ணிக்கைக்கு, சராசரியும் சிதறலும் சமம் என்று கொள்ளும் பாய்சான் என்ற புள்ளியியல் மாதிரி பொருந்தாது, கூடுதல் சிதறலுக்கு இடம் தரும் நெகட்டிவ் பைனாமியல் போட்டுப் பாருங்க. நேர்காணலில் பெரும்பாலும் துருவுவது இந்த இடத்தைத்தான்.

சூலூர்ப்பேட்டை மாணவி:
ரொம்ப நன்றி. சேறு எடுக்கத் தனி அனுமதி வேணுமா?

நீர்க்கடம்பு:
அதே விண்ணப்பத்தில் எழுதுங்க: எத்தனை இடம், இடத்துக்கு எத்தனை குழாய், எந்த ஆய்வகத்துக்குப் போகும் என்று. எழுதாமல் எடுத்தால் சோதனையில் மாதிரியைப் பறித்துக்கொள்வாங்க.