நுரையீரல்ல பூஞ்சைன்னு தெரிஞ்சது எப்படி? உங்க அனுபவம் சொல்லுங்க

எனக்கு சின்ன வயசுலேர்ந்தே ஆஸ்துமா, இன்ஹேலர் போட்டா அடங்கிடும். போன வருஷம் எதுக்குமே அடங்கல, இருமுனா பழுப்பு கலர்ல கெட்டியா துண்டு துண்டா சளி, எக்ஸ்ரேல நிமோனியா மாதிரி இருக்குன்னு ஆன்டிபயாட்டிக் குடுப்பாங்க, கொஞ்ச நாள் தேவலாம்னு இருக்கும், மறுபடி இன்னொரு எடத்துல வரும். கடைசியா ஒரு டாக்டர் ரத்தத்துல மொத்த ஐஜிஇ (அலர்ஜில ஏறுற எதிர்ப்புப் பொருள்) பாக்க சொன்னார், 1000த்த தாண்டி எங்கயோ நின்னுச்சு, ஆஸ்பர்ஜில்லஸ்ங்கற பூஞ்சைக்கான ஐஜிஇயும் பாசிட்டிவ். ஏபிபிஏ, அதாவது அந்தப் பூஞ்சையால நுரையீரல்ல வர்ற அலர்ஜி நோய்னாங்க. பூஞ்சை வித்து 2, 3 மைக்ரான்தான், எல்லாரும் தினமும் இழுக்கறதுதான், என்னை மாதிரி சிலருக்கு மட்டும் அலர்ஜியா கெளம்பிடுது. ஸ்டீராய்டுல நல்லா கேட்டுச்சு. ஐஜிஇ நார்மலுக்கே வரணும்னு காத்திருக்காதீங்க, எவ்ளோ எறங்குதுன்னுதான் பாப்பாங்க.

—

எங்க அப்பா கதை வேற. ரொம்ப வருஷம் முன்னாடி டிபி வந்து சரியானவர். திடீர்னு எடை கொறைஞ்சு சளியில ரத்தம், எல்லாரும் டிபி திரும்பிடுச்சுன்னே முடிவு பண்ணிட்டாங்க, ஆனா சளி டெஸ்ட் ஒவ்வொரு தடவையும் நெகட்டிவ். சிடி எடுத்தப்ப பழைய டிபி விட்டுட்டுப் போன பொந்துக்குள்ள பூஞ்சை உருண்டையா உக்காந்திருக்கு. இதுக்கு பாக்க வேண்டியது அந்தப் பூஞ்சைக்கான ஐஜிஜி (இன்னொரு வகை எதிர்ப்புப் பொருள்), ஐஜிஇ இல்ல, லேப்ல மாத்தி எழுதிட்டாங்கன்னா போச்சு. பூஞ்சைக்கான மாத்திரை ஆறு மாசத்துக்கு கொறையாதுன்னாங்க. ரத்தம் கோடு கோடா வந்தா டாக்டருக்கு போன் பண்ணுங்க, குபுக்குன்னு வந்தா நேரா எமர்ஜென்சி, யோசிக்கவே வேணாம்.

—

இட்ராகோனசோல்ங்கற பூஞ்சை மருந்து எடுக்கறவங்க கவனிங்க. கேப்ஸ்யூல்னா சாப்பாட்டோடதான் போடணும், கேஸ் மாத்திரை கூட போட்டா ஒடம்புல சரியா ஏறாது, எனக்கு ரத்தத்துல மருந்து அளவு பாத்தப்பதான் தெரிஞ்சுது. அதவிட முக்கியம், பியூடெசோனைடு, ஃப்ளூட்டிகசோன் இன்ஹேலர் இழுக்கறீங்கன்னா டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும், ரெண்டும் சேந்தா அந்த ஸ்டீராய்டு ஒடம்புல தேங்கி மூஞ்சி வீங்கிடும், ஒடம்பே சுரக்கற கார்டிசால் ஹார்மோன் படுத்துடும். அதுக்காக நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க, அது இன்னும் ஆபத்து. அப்பறம் வோரிகோனசோல்ங்கற இன்னொரு பூஞ்சை மருந்துக்கு மாத்துனாங்க, வெயில்ல தலை காட்ட முடியல, தோல் எரியுது, கண்ணுல கலரெல்லாம் ஒரு மாதிரி தெரியுது. லிவர் டெஸ்ட் ரெண்டுக்குமே உண்டு.

—

இது ஒட்டிக்குமா, தட்டு டம்ளர் தனியா வைக்கணுமா?

—

ஒட்டாது, தாராளமா பக்கத்துல உக்காருங்க. ஆனா செவுத்துல பூஞ்சை இருந்தா நோயாளிய சுரண்ட விடாதீங்க, மக்குன உரம் கெளறுற வேலையும் வேற ஆளு பாக்கட்டும். தண்ணி எங்கேருந்து கசியுதுன்னு பாத்து அடைக்காம மேல பெயின்ட் அடிக்கறது வெறும் காசுக்குக் கேடு.