மறு: 'ஐஸ் கோர்' – உள்ளகமா, தண்டா?

வணக்கம்,

'ஐஸ் கோர்' (ice core) என்பதற்குத் தமிழில் 'பனி உள்ளகம்' என்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடும் முன் ஒரு வார்த்தை. உள்ளகம் என்றால் எதற்கோ நடுவில் இருப்பது, பூமிக்கு அது பொருந்தும். பனியாற்றில் நடுவேது, ஓரமேது? மேலிருந்து அடிவரை துளைத்து, துண்டு துண்டாக உருவி எடுக்கிற பனி உருளைதான் ஐஸ் கோர்.

இங்கே கிருஷ்ணகிரிப் பக்கம் போர்வெல் வண்டி ஓடினால் வெளியே வருவது வெறும் கல்மாவு. அணை கட்டவோ குவாரி போடவோ பாறையைச் சோதிப்பவர்கள் இறக்குவது வேறு: வளைய வடிவத் துளைமுனை (பிட்) சுற்றிலும் மட்டும் அறுத்துக்கொண்டு இறங்கும், நடுவில் நிற்கிற கல் முழுசாக மேலே வரும், அதை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி எத்தனை மீட்டரில் எடுத்தது என்று பெயின்டால் எழுதி வைப்பார்கள். பார்க்க வாழைத்தண்டுதான். அதனால் 'பனித்தண்டு' என்கிறேன். பாறைத்தண்டு, ஏரிப்படிவுக்குப் படிவுத்தண்டு என்று குடும்பமும் சேர்ந்துவிடும்.

அந்த வரிசை குலையாமல் இருப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அண்டார்டிகாவின் டோம் சி என்ற பனிமேட்டில் 3,200 மீட்டருக்கும் மேல் துளைத்து எடுத்ததில் 8 லட்சம் ஆண்டுகளின் காற்று குமிழ்களாகச் சிக்கியிருந்தது. ஆல்ப்ஸ் மலையின் கொல்லே நிஃபெட்டி பனியில் 1349 முதல் 1353 வரையான அடுக்கில் ஈயம் கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. ஐரோப்பாவில் கொள்ளைநோயில் ஆட்கள் செத்து, ஈயச் சுரங்கமும் உலையும் நின்றுபோன காலம். நமக்குப் பக்கத்தில் இமயமலையின் தாசுவோபுவில், 7,200 மீட்டர் உயரத்தில், பனி ஆய்வாளர் லோனி தாம்சன் குழு 1997-இல் எடுத்த தண்டுகளில் 1790 முதல் 1796 வரை தூசியும் குளோரைடும் எகிறுகின்றன, அதாவது பருவமழை பொய்த்து நிலம் காய்ந்த ஆண்டுகள். நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமான பாராமகால் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன 1792-உம் அதற்குள்தான் வருகிறது. உடனே நம்ம ஊர்ச் சோளக்காடு காய்ந்ததையும் இதை வைத்தே எழுதிவிடக் கூடாது, அந்தப் பனி காட்டுவது இமயமலைப் பக்கத்து மழையை. அதே தண்டில் 20ஆம் நூற்றாண்டு அடுக்குகளில் குளோரைடு இரண்டு மடங்கு, தூசி நான்கு மடங்கு. இந்தியாவிலும் நேபாளத்திலும் மனிதர் செய்த வேலை அது என்கிறார்கள்.

பனி என்றால் நமக்கு மார்கழிப் பனிதானே என்று கேட்டவருக்கு: பனியாறு என்று பாடநூலே சொல்லியாயிற்று, பனிக்கட்டித்தண்டு என்று நீட்ட வேண்டாம்.

– கிருஷ்ணகிரியிலிருந்து

——

அண்ணா, வணக்கம்.

தண்டு சரி, உள்ளகத்தை விட்டுவிடலாம். ஆனால் 'பனித்தண்டு' என்று வகுப்பில் சொன்னால், படத்தில் கூரை ஓரமாகப் பனி கூம்பு கூம்பாய்த் தொங்குமே, பிள்ளைகள் அதைத்தான் நினைப்பார்கள். துளைத்து எடுத்தது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். 'துளைத்தண்டு' என்று யோசித்தேன், ஓட்டை உள்ள தண்டு என்று ஆகிறது. 'அகழ்தண்டு' எப்படி? பனி அகழ்தண்டு, பாறை அகழ்தண்டு. பத்தியில் முதல் தடவை முழுசாக எழுதிவிட்டு அப்புறம் வெறும் தண்டு என்றே ஓட்டலாம், உங்கள் குடும்பமும் கெடாது.

வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் 'கணு' என்று ஒருவர் போட்டிருக்கிறார். அது வேண்டாம். கணு என்பது இரண்டு துண்டும் சேருகிற இடம். 'துண்டம்' போதும்.

– தருமபுரியிலிருந்து