4.7 ஜிபி போட்ட டிவிடி டிஸ்க்கில் 4.52 ஜிபி ஏன் அடங்கவில்லை?

கேள்வி: கொக்கட்டிச்சோலைக்காரன்

போன மாதம் எங்கள் ஊர்க் களரியில் வடமோடிக் கூத்து அரங்கேறியது. இரவு கட்டியகாரன் வந்ததிலிருந்து விடியற்காலை வாழி பாடும் வரை ஏழு மணி நேரமும் நான்தான் வீடியோ பிடித்தேன். கூத்துப் பழக்கிய அண்ணாவியாருக்கு அது டிஸ்க்கில்தான் வேண்டுமாம். வீட்டில் இருப்பது பழைய டிவிடி பிளேயர் ஒன்று, ஸ்மார்ட்போன் பக்கமே அவர் போவதில்லை.

முதல் பகுதியின் எம்பி4 கோப்பை விண்டோஸ் 4.52 ஜிபி என்று காட்டுகிறது. டிஸ்க் உறையில் 4.7 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எழுதப் போனால் இடம் காணாது என்கிறது. சரி என்று 3.9க்குச் சுருக்கி எழுதினேன். எழுதி முடிந்தது, ஆனால் பிளேயர் அதைத் தொடவே இல்லை. இன்னொன்றும் எழுதிப் பார்த்தேன், அதுவும் அப்படியே. இரண்டு டிஸ்க் வீணாய்ப் போனது. எங்கே பிழை விட்டேன், அண்ணாமார்?

பதில்: கல்முனை எடிட்டர்

தம்பி, டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. 470 கோடி பைட் என்பது விண்டோஸ் கணக்கில் 4.38 ஜிபிதான். உங்கள் 4.52 எப்படி அடங்கும்?

மற்றது, பழைய பிளேயர்கள் பலவற்றுக்கு எம்பி4 தெரியாது. டிவிடிக்குரிய எம்பெக்-2 வடிவமாக்கி, டிவிடி வீடியோவாகவே அமைக்க வேண்டும். அப்படி மாற்றும்போது எம்பி4இன் அளவை மறந்துவிடுங்கள். நிமிடமும் பிட்ரேட்டும் (வினாடிக்கு எத்தனை பிட் என்பது) தான் கணக்கு. ஏழு மணி நேரத்தை நான்காகப் பிரித்தால் டிஸ்க்குக்கு 105 நிமிடம், அதாவது 6300 வினாடி. படத்துக்கு 5500, ஒலிக்கு 256 கிலோபிட் வையுங்கள். இரண்டையும் கூட்டி வினாடியால் பெருக்கி எட்டால் பிரித்தால் ஏறக்குறைய 45.3 லட்சம் கிலோபைட், அதாவது 453 கோடி பைட். மிச்சம் இருக்கட்டும், கோப்பாகக் கட்டும்போது கொஞ்சம் ஊதும்.

நேரே டிஸ்க்கில் எழுத வேண்டாம். முதலில் ஹார்ட் டிஸ்க்கில் ஃபோல்டராக எடுத்து, அதன் ப்ராபர்ட்டீஸில் பைட் கணக்கைப் பாருங்கள். ஜிபி என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள்.

பதில்: ஆரையம்பதியான்

மனே, சரியாக 105 நிமிடம் என்று பார்த்து விருத்தத்தின் நடுவில் வெட்டிப் போடாதே, அண்ணாவியார் உன்னை மத்தளத்தாலேயே அடிப்பார். ஒரு பாத்திரத்தின் வரவுக்கு முன்னால் வெட்டு. ஒரு டிஸ்க் 98 நிமிடம், இன்னொன்று 110 என்று வந்தால் என்ன? கூடின டிஸ்க்குக்குப் பிட்ரேட்டைக் கொஞ்சம் இறக்கு.

இன்னொன்று: டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. விரல் படுவதும் கீறுவதும் ஓரத்தில்தான். முட்ட நிரப்பினால் முதலில் திக்குவது உன்னுடைய வாழியாகத்தான் இருக்கும்.

கொக்கட்டிச்சோலைக்காரன்

நான்கும் எழுதியாயிற்று. நீளமானது 109 நிமிடம், அதற்கு 5200 வைத்தேன். ஃபோல்டர் விண்டோஸ் கணக்கில் 4.2 ஜிபிக்குக் கிட்ட வந்தது. நேற்றுப் பின்னேரம் அண்ணாவியார் வீட்டில் போட்டோம், பிளேயர் முதல் தரமே பிடித்தது. மனுசன் இரண்டாவது டிஸ்க்கிலேயே சல்லரிக்காரன் தாளம் விட்ட இடத்தைக் கண்டுபிடித்து, அதையே மூன்று தரம் போடச் சொன்னார்.