லைவ் அட் லீட்ஸ் இசைத்தட்டில் கரகரப்பு: ஊசியை மாற்ற வேண்டுமா?

தட்டுப்பித்தன்: வணக்கம். த ஹூ என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் இந்த இசைத்தட்டை நேற்றுதான் வாங்கினேன். ஆங்காங்கே கரகரப்பும் சின்னச் சின்ன வெடிப்பொலிகளும் கேட்கின்றன. என்னிடமுள்ள குறுந்தகட்டிலோ அப்படி எதுவும் இல்லை. நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று விற்றவர் சொல்லியிருப்பதால், விரைந்து உதவுங்கள்.

சுழல்மேடை: எந்த ஆண்டின் பதிப்பு, ஊசி எவ்வளவு பழையது என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லையே? மற்றத் தட்டுகளும் இப்படித்தான் ஒலிக்கின்றனவா?

ஈரத்துணி: இது தட்டில் சேரும் நிலைமின்னூட்டத்தின் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கார்பன் தூரிகையால் துடைத்துவிட்டுக் கேளுங்கள்.

மூத்த ரசிகன்: துடைப்பதற்கு முன்னால் தட்டின் நடுவிலுள்ள லேபிளைப் படியுங்கள்; வாங்கும்போதே செய்திருக்க வேண்டிய காரியம் அது. 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் ஒலிப்பதிவு செய்தபோதே நாடாவில் விழுந்த ஓசை அது. ‘கரகரப்பு இருக்கலாம், திருத்த வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் கையால் எழுதி லேபிளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

சுழல்மேடை: கீறலா என்று அறிய வேறொரு வழியும் உண்டு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி ஆகும். அதே இடைவெளியில் ‘டிக், டிக்’ என்று திரும்பத் திரும்பக் கேட்டால் அது கீறல், ஒழுங்கில்லாமல் வந்தால் பெரும்பாலும் நாடாவிலிருந்தே வருவது.

ஈரத்துணி: அப்படியானால் 1995 குறுந்தகட்டில் அதை நீக்கியது நல்லதுதானே? ஆறு பாட்டுகள் பதினான்காயின. குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் என்ட்விசிலின் வாசிப்பு ஒவ்வொரு சுரமாகத் தெளிவாகக் கேட்கிறது.

மூத்த ரசிகன்: நான் உடன்படவில்லை. கள்ளப் பதிப்பைப் போலத் தோன்ற வேண்டும் என்றே வெறும் பழுப்பு அட்டையில் முத்திரை குத்தி வெளியிட்ட தொகுப்பு இது. அந்தக் கரகரப்பைத் துடைத்தெடுத்தால் அன்றைய இரவின் ஒரு பகுதியும் அதனுடன் போய்விடுகிறது.

ஈரத்துணி: கூடத்தில் இருந்தவர்கள் காதில் அந்தக் கரகரப்பு விழவில்லையே, ஐயா! அது கம்பிவழியே பதிவில் புகுந்த கோளாறுதான், அன்றைய இசை அன்று.

சுழல்மேடை: இதைப் பிறகு பேசலாம். கேட்டவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

தட்டுப்பித்தன்: மற்றத் தட்டுகள் சுத்தமாக ஒலிக்கின்றன, லேபிளிலும் அந்த வரி இருக்கிறது. ‘மேஜிக் பஸ்’ பாட்டில் ஓரிடத்தில் மட்டும் சீரான இடைவெளியில் ‘டிக்’ கேட்கிறது, அது கீறல்தான். தட்டைத் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. அனைவருக்கும் நன்றி.